விடாமல் விட்டவன்

சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று ஒரு மனிதன் சொன்னால் அவன் மனைவி என்ன செய்ய வேண்டும்? சந்தோஷப்பட வேண்டும். நம்ப வேண்டும். அதன் பிறகு வாயை மூடிக்கொண்டு தன் வேலையைப் பார்க்க வேண்டும். என் மனைவி முதல் இரண்டையும் குறைவில்லாமல் செய்தாள். மூன்றாவதைத்தான் செய்யவில்லை. அதில்தான் என் குடி கெட்டது. நடந்ததைச் சொல்கிறேன், நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கீழே கடை, மாடியில் வீடு. கடையின் முன்பக்கம் முழுக்க என் மனைவியின் ராஜ்யம். கல்லா, ஃபிரேம்கள், வாடிக்கையாளர்கள், பேச்சு எல்லாம் அவளுடையது. பின்பக்கம் லென்ஸ் தேய்க்கிற அறை. அது என் ராஜ்யம். அங்கே ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம். இரண்டு பேர் நிற்க வேண்டுமானால் ஒருவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. செருப்புக் கடைக்காரரின் கை வந்தவர் காலோடு போகிறது. தையல்காரர் கை தோளோடு நிற்கிறது. கண்ணாடிக்காரன் கை மட்டும் நேராக அடுத்தவர் மூக்குக்குப் போகிறது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் புதுக் கண்ணாடி வாங்க வந்திருந்தார். மூக்கின் மேல் உட்காரும் அந்தச் சின்ன மெத்தைகளைச் சரிசெய்து, அவர் முகத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் மெல்லத் தலையைப் பின்னால் இழுத்தார். நான் கையை நீட்டினேன். இன்னும் இழுத்தார். நாற்காலி சாயும் நிலைமைக்கு வந்த பிறகு வாயைத் திறந்தார்.

"கண்ணாடி பிரமாதமா இருக்கு. விரலை மட்டும் கொஞ்சம் தூரமா வச்சுக்கங்க."

கடையில் அப்போது நல்ல கூட்டம். எல்லோரும் என் விரலைப் பார்த்தார்கள். பார்வை குறைந்தவர்கள்கூடப் பார்த்தார்கள். கல்லாவில் என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தலை குனிந்து நான் பார்த்ததே இல்லை, அது வேறு என்னை உசுப்பிவிட்டது. வலது கையை உயர்த்தி, "இன்னியோட விட்டேன்," என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டேன்.

ரோஷத்தில் மனிதன் ஆயிரம் சொல்வான். அதையெல்லாம் பிடித்துக்கொண்டு தொங்கலாமா?

எனக்கு இருமல் என்றும் ஒரு புகார் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, இப்போதே விட்டால் நல்லது, அப்புறம் விட்டால் பலனில்லை என்று சொல்லியிருந்தார். நான் அதை இருமல் என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. தொண்டையைச் செருமுகிறேன் என்றுதான் சொல்லிவந்தேன். படுத்தால் செருமுவேன், மாடிப்படி ஏறினால் செருமுவேன், சிரித்தால் செருமுவேன். அவ்வளவுதான்.

நான் மோசடிக்காரன் இல்லை. சொன்ன சொல்லைப் பெருமளவு காப்பாற்றினேன். காலையில் பிடிப்பதை விட்டேன். மாலையில் பிடிப்பதை விட்டேன். கோபம் வந்தால் பிடிப்பது, கோபம் போனால் பிடிப்பது, யாராவது நீட்டினால் மரியாதைக்குப் பிடிப்பது, எல்லாவற்றையும் விட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். அதைச் சிகரெட் என்று சொல்வதே தப்பு. அது சாப்பாட்டின் கடைசிக் கவளம். அதையும் பிடுங்கினால் மனிதன் பாதிச் சாப்பாட்டில் எழுந்த மாதிரிதான்.

அதற்கு நான் செய்திருந்த ஏற்பாட்டைக் கேட்டால் நீங்களே மெச்சுவீர்கள். மத்தியானம் கடைக் கதவைச் சாத்திவிட்டு அவள் மாடியில் கொஞ்சம் கண்ணயர்வாள். நான் தேய்க்கிற அறைக்குப் போவேன். புகைபோக்கி விசிறி ஓடும். சிகரெட்டை விரலால் தொடவே மாட்டேன். பொடித் திருகாணி எடுக்கிற இடுக்கியால் பிடித்துக்கொள்வேன். பிறகு சோப்புப் போட்டு வாய், மூக்கு, மீசை மூன்றையும் கழுவுவேன். என் விரலை எந்தத் தலைமையாசிரியை வேண்டுமானாலும் வந்து முகர்ந்து பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவு சுத்தமாக ஒரு தப்பைச் செய்கிறவனுக்கு உலகம் மரியாதை தர வேண்டாமா?

முதலில் தந்தது. அதை மறைக்கக் கூடாது. கடைக்கு யார் வந்தாலும், கண் டாக்டர் சீட்டை வாங்கிப் பவரைப் பார்ப்பதற்கு முன்னால், "இவர் சிகரெட்டை விட்டுட்டார், தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவாள். சொல்லும்போது அவள் முகம் இருந்த அழகைப் பார்த்து எனக்கே நான் விட்டுவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது. மாமியார் போன் செய்து, கல்யாணமாகி முதல் தடவையாக என்னிடம் நேரடியாகப் பேசி, மாப்பிள்ளை என்றார். அதற்கு முன்னால் எல்லாம், அவ இருக்காளா என்பதோடு என்னிடம் பேச்சை முடித்துக்கொள்வார். எனக்கு உச்சி குளிர்ந்தது. விடாமலே இவ்வளவு புகழ் என்றால் விட்டவனுக்கு என்னதான் கிடைக்கும் என்று யோசித்தேன்.

ஒருநாள் மத்தியானம் இடுக்கியை எடுத்தபோது கதவைத் தட்டினார்கள். திறந்தால் எதிர்ச்சாரி லாண்டரிக்காரர். அடக்க ஒடுக்கமாக நின்றார்.

"அண்ணே, உங்க வீட்ல அண்ணி சொன்னாங்க. எனக்கும் விடணும். கொஞ்ச நேரம் கூட உக்காந்துக்கலாமா?"

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு அவருக்கு இடம் கொடுத்தேன். முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். கடை திறக்கிற நேரம் வரை அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் பூட்டுச் சாவி செய்கிற சாவிக்காரர். அதற்கு மறுநாள் பின்தெருவில் குடியிருக்கும் பேருந்து டிரைவர். மறுபடி லாண்டரிக்காரர். என் கடைசிக் கவளம் கண்ணுக்கு எதிரே ஆறிப் போனது.

என்னய்யா உங்களுக்கு என்மேல் இத்தனை பாசம் என்று டிரைவரைக் கேட்டேன். அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், பாடம் ஒப்பிக்கிற மாதிரி விஷயத்தைச் சொன்னார். மூவர் வீட்டிலும் பெண்கள் ஒரே கட்சியாகிவிட்டார்களாம். கண்ணாடிக்காரர் விட்டபோது உனக்கு என்ன கேடு, அவர் மறுபடி பிடிக்கிற அன்றைக்கு நீயும் பிடித்துக்கொள், அதுவரை தொடக் கூடாது என்று உத்தரவாம். அதனால் நான் எப்போது வழுக்கி விழுவேன் என்று மூன்று பேரும் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருக்கிறார்களாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. என் நுரையீரல், என் சிகரெட், என் அறை. அதில் இன்னும் மூன்று குடும்பங்களுக்கு என்ன பாத்தியதை?

வெளியே எங்காவது போய்ப் பிடிக்கலாம் என்று மூலைக்கடைக்குப் போனேன். கடைக்கார அம்மாள் என்னைப் பார்த்ததும் சிகரெட் அடுக்கியிருந்த தட்டின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார். உங்க வீட்டுக்காரம்மா எவ்வளவு பெருமையாகச் சொன்னார்கள், அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன் என்று சொல்லி, ஒரு புதினா மிட்டாயை என் உள்ளங்கையில் வைத்து விரல்களையும் மடக்கிவிட்டார். கடைக்காரர் வியாபாரம் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உலகம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது?

நம்மை யாருக்கும் தெரியாத பேட்டைக்குப் போய்விடலாம் என்று ஒரு மத்தியானம் பேருந்தில் ஏறினேன். கடைசி நிறுத்தம் வரை போய் இறங்கினேன். ஒரு மரத்தடியாகப் பார்த்து ஒதுங்கினேன். தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினால் டிரைவர். அவர் ஓட்டிய பேருந்தில்தான் நான் வந்திருக்கிறேன். வண்டி திரும்பக் கிளம்ப நேரம் இருக்கிறது, சும்மா பேசிக்கொண்டிருக்கலாம் என்றார். பேசிக்கொண்டிருந்தோம். பிறகு அதே வண்டியில், முன் இருக்கையில், அவருக்குப் பக்கத்திலேயே என்னை உட்காரவைத்துப் பத்திரமாக வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். அங்கே நிறுத்தமே கிடையாது.

இதெல்லாம் போதாதென்று மூன்று பேரும் என்னிடம் யோசனை வேறு கேட்க ஆரம்பித்தார்கள். ஆசை வந்தால் என்ன செய்வது, அண்ணே? எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் விட்டவன் என்று பெயர் வாங்கியாயிற்று. தெரியாது என்று சொன்னால் மானம் போகும். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆசை என்பது அடம்பிடிக்கிற குழந்தை, உடனே திரும்பிப் பார்க்காதே, கொஞ்சம் பொறு, அதுவே ஓய்ந்துபோகும் என்றேன். ஒரு டம்ளர் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடி என்றேன். சாப்பிட்டதும் உட்காராதே, வாயைக் கொப்பளித்துவிட்டுத் தெருமுனை வரை வேகமாக நட என்றேன். மூச்சை ஆழமாக இழுத்து மெதுவாக விடு என்றேன். கை சும்மா இருந்தால்தான் சிகரெட்டைத் தேடும் என்று ஆளுக்கு ஒரு பழைய ஃபிரேமைக் கொடுத்து, இதை மடக்கி மடக்கி விரி என்றேன்.

"அண்ணே, ஒரு தடவை செஞ்சு காட்டுங்க," என்றார் சாவிக்காரர்.

செய்து காட்டினேன். தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்தேன். மூச்சை இழுத்தேன், விட்டேன். தெருமுனை வரை நடந்தேன். அவர்கள் தினமும் கேட்டார்கள். நான் தினமும் காட்டினேன். அவர்கள் கவனமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

என்ன அநியாயம் பாருங்கள், அது வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. என்னைக் கேட்காமல், என் சம்மதம் இல்லாமல். முதலில் எரிந்து விழுந்தேன், தூக்கம் வரவில்லை, மறதி வந்தது, ஒரு வாடிக்கையாளருக்கு வலது லென்ஸை இடப்பக்கம் மாட்டிக் கொடுத்ததில் அவர் நிலைவாசலில் முட்டிக்கொண்டார். அப்புறம் மெல்ல மெல்ல அடங்கியது. மாடிப்படியைச் செருமாமல் ஏறினேன். நாக்குக்கு ருசி திரும்பியது. இத்தனை வருடம் ஆஹா ஓஹோ என்று சொல்லி நான் சாப்பிட்டது உண்மையில் என்ன என்று அப்போதுதான் தெரியவந்தது. அதை வெளியே சொல்லவில்லை. எனக்குச் சிகரெட் ஆசை விட்டிருந்தாலும் உயிர் ஆசை விடவில்லை.

போகப் போக, உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. மூன்று பேரைத் திருத்தியவன். மூன்று வீடுகளில் புகை இல்லாமல் செய்தவன். தெருவில் நடக்கும்போது நெஞ்சு தானாக நிமிர்ந்தது. யாராவது சிகரெட்டோடு எதிரே வந்தால் அவர்கள் மேல் எனக்கு இரக்கம் வந்தது. நான் விடாமல் ஆரம்பித்த விஷயம்தான், அதனால் என்ன? முடிவு நல்லதாக இருந்தால் ஆரம்பத்தை யார் கேட்கிறார்கள்?

அந்த நினைப்போடுதான் அன்று லாண்டரிக்குப் போனேன். லாண்டரிக்காரர் கண்ணாடியின் காதுக் கம்பி கழன்றுவிட்டதென்று கொடுத்திருந்தார். நானே சரிசெய்து, சீடனுக்கு ஒரு மரியாதை செய்கிற மாதிரி, நேரில் எடுத்துக்கொண்டு போனேன். முன்னால் அவர் மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பாய்லர் சரியில்லை என்று மூன்று பேராகப் பின்னால் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். பாய்லருக்கு எதற்கு சாவிக்காரரும் டிரைவரும் என்று அந்தப் புண்ணியவதி யோசிக்கவே இல்லை. பக்கத்துச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போனேன்.

குழாயிலிருந்து நீராவி புசுபுசுவென்று வந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில் கவிழ்த்துப்போட்ட வாளிகளில் என் மூன்று சீடர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நீராவியோடு நீராவியாக மூன்று புகை மேலே போய்க்கொண்டிருந்தது. டிரைவர் சீருடைத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வளையம் வளையமாக விட்டுக்கொண்டிருந்தார். நான் கைக்கு வேலையாக இருக்கட்டும் என்று கொடுத்த ஃபிரேமை விரித்துவைத்து, இரு கண்ணையும் இணைக்கிற அதன் மூக்குப் பாலத்தில் எரிகிற சிகரெட்டைச் சாய்த்துவைத்திருந்தார் சாவிக்காரர். மிகக் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. என் தொழில் அறிவுக்கு அதைவிடப் பெரிய அவமானம் இனி வர முடியாது.

என்னைப் பார்த்ததும் வெட்கப்படுவார்கள், காலில் விழுவார்கள் என்று எதிர்பார்த்து நின்றேன். மூன்று பேரும் பதறித்தான் போனார்கள். ஆனால் பதறிய காரணம் வேறு.

"அண்ணே, நீங்க இங்கெல்லாம் வரக் கூடாது," என்று லாண்டரிக்காரர் ஓடிவந்து, துண்டால் புகையை என் பக்கமிருந்து விரட்டினார். "சட்டையில வாசனை ஏறினா எங்களுக்குத்தான் வம்பு. கழட்டிக் குடுங்க, இப்பவே துவைச்சுத் தந்துடறேன்."

"எத்தனை நாளா நடக்குது இது?" என்றேன்.

சாவிக்காரர் உண்மையிலேயே யோசித்தார். "நிறுத்தியிருந்தாத்தானே அண்ணே நாள் சொல்ல முடியும்?"

என் சட்டை ஏன் அவர்களுக்கு வம்பு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. கண்ணாடியை வாளியின் மேல் வைத்துவிட்டு விடுவிடென்று வீட்டுக்கு நடந்தேன். மூன்று பேர் குட்டையும் உடைக்காமல் விடுவதில்லை. அந்த மூன்று அப்பாவிப் பெண்களிடமும் என் மனைவி வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்கிற வாய்தானே.

அவள் கடையில் ஃபிரேம்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். வாளி, நீராவி, வளையம், மூக்குப் பாலம். அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"பாய்லருக்குப் பின்னாடி பிடிக்கிறாங்க. தெரியும்."

"தெரிஞ்சுமா அவங்க வீட்ல சொல்லல?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். சும்மா குடுக்கல."

நாற்காலியில் உட்கார்ந்தேன். தலைமையாசிரியை உட்கார்ந்த அதே நாற்காலி என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அவள் நிதானமாகச் சொன்னாள். நான் விட்டேன் என்று சொன்னதும் அவள் நிஜமாகவே நம்பியிருக்கிறாள். அம்மாவுக்குப் போன் செய்து அழுதிருக்கிறாள். ஊரெல்லாம் சொன்னது அந்தச் சந்தோஷத்தில்தான். பிறகு ஒருநாள் தலைமையாசிரியை அம்மாள் மறுபடி வந்திருக்கிறார். கண்ணாடி நன்றாகத் தெரிகிறது, ஆனால் எப்போது துடைத்தாலும் உங்கள் வீட்டுக்காரர் ஞாபகம் வருகிறது என்றாராம். லென்ஸ் துடைக்க நாங்கள் இலவசமாகக் கொடுக்கிற துணி. அது என் அறையில், விசிறிக்குக் கீழே, கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கும். விரலைக் காப்பாற்றினேன், மீசையைக் காப்பாற்றினேன், துணியை மறந்துவிட்டேன். என் புகையை நானே மடித்து, உறையில் போட்டு, ஊரெல்லாம் அனுப்பிவைத்திருக்கிறேன்.

மொத்தத் துணியையும் மூட்டை கட்டி, துவைக்கக் கொடுக்க லாண்டரிக்கு எடுத்துப் போயிருக்கிறாள். முன்னால் ஆள் இல்லை என்று பின்கட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே மூன்று வாளி, மூன்று பேர்.

"மூணு பேரும் கையெடுத்துக் கும்பிட்டாங்க, வீட்ல சொல்லிடாதீங்க அண்ணின்னு. சரி, சொல்லல, ஆனா என் வீட்டுக்காரரை மத்தியானம் தனியா விடக் கூடாதுன்னேன். ஆளுக்கு ஒருநாள் முறை வச்சுக்கிட்டாங்க. நீங்க பிடிச்சாத்தான் அவங்களும் பிடிக்கலாம்ங்கற அந்தக் கதை நான் சொல்லிக் குடுத்ததுதான். டிரைவர்தான் கொஞ்சம் சொதப்பிட்டதாச் சொன்னார்."

"என்னை நேரா கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

யோசித்தேன். "பிடிக்கலைன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

பதில் இல்லாத இடத்தில் கோபம்தான் கைகொடுக்கும். மேஜையைத் தட்டினேன். "அப்படின்னா இந்தத் தெருவுலயே விட்டவன் நான் ஒருத்தன்தானா? பொய் சொன்ன நான் விட்டுட்டேன், விடறேன்னு வந்தவங்க ஜம்முனு பிடிக்கிறாங்க. இது என்ன நியாயம்? அவ்வளவு சாமர்த்தியம் இருந்தா அவங்களையும் விட வச்சிருக்க வேண்டியதுதானே?"

அவள் அப்போதுதான் துணியைக் கீழே வைத்தாள்.

"அவங்க என் புருஷனா? அவங்க இருமினா அவங்க வீட்ல கேக்கட்டும். நீங்க இருமினது எனக்குத்தான் கேட்டுச்சு. அடுத்த மூச்சு வருதா வருதான்னு பக்கத்துல படுத்துக் கேட்டுக்கிட்டிருந்தவ நான்."

அவள் பயந்திருக்கிறாள், அது எனக்குத் தெரியவே இல்லை. அந்த இடத்தில் நான் பேசாமல் மாடிக்குப் போயிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். ஆனால் கோபமாக வந்தவன் கோபமாகத்தானே போக வேண்டும், ஒரு ஒழுங்கு இருக்கிறதே.

"இப்பப் போறேன்," என்று எழுந்தேன். "எங்கயாவது போய் ஒண்ணு பத்த வைக்கத்தான் போறேன். எவன் தடுக்கறான்னு பாக்கறேன்."

"போய்ட்டு வாங்க," என்று அவள் ஃபிரேமைத் துடைக்க ஆரம்பித்தாள்.

கதவைத் திறந்தேன். வாசலில் சாவிக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அன்றைக்கு அவர் முறையாம். லாண்டரியிலிருந்து என் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறார். முகமெல்லாம் வேர்வை, மார்பு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா நடங்க. சிகரெட் பிடிக்கிறவங்க நாங்க, உங்க வேகம் எங்களுக்கு எப்படிண்ணே வரும்?"